சுவரில் மாட்டும் துணி: வாங்குவதும் விற்பதும்

சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் விற்கும் நம் உறுப்பினர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, புதுசா வீடு கட்டினவங்க வந்து பழைய துணி இருக்குதா, கையில செஞ்சது இருக்குதா, சுவத்துல மாட்டோணும்னு கேக்கறாங்க. நான் என்ன பழைய துணிக் கடையா வெச்சிருக்கறேன்?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல என்று தோன்றியது. வாடிக்கையாளர் தானாகக் கடை ஏறி வந்து கேட்கிற சரக்கு. பெரிதாகப் பேரம் பேசாமல் வாங்குகிற சரக்கு. நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாத சரக்கு. தெரியாத சரக்கை விற்றால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு முறை நன்றாகவே அனுபவித்திருக்கிறேன். அதையும் மறைக்காமல் கீழே எழுதியிருக்கிறேன்.

ஈரோட்டில் ஜமக்காளம், போர்வை, துண்டு மொத்த வியாபாரம் எங்களுடையது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து 1976இல் அப்பாவின் கடையில் உட்கார்ந்தவன் நான். அலங்காரக் கலையெல்லாம் படித்தவன் அல்ல. தொட்டும் முகர்ந்தும் திருப்பிப் பார்த்தும் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

ஏன் கேட்கிறார்கள்?

இன்றைய வீடுகளைப் பாருங்கள். கீழே டைல்ஸ் அல்லது கிரானைட், சுவரில் வழவழவென்று பட்டி பார்த்த வெள்ளை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே நின்று பேசினால் நம் குரலே நமக்குத் திரும்பி வருகிறது. அப்படிப்பட்ட கூடத்தில் ஒரு கெட்டியான கைத்தறி விரிப்பைத் தரையில் போட்டு, இன்னொன்றைச் சுவரில் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். துணி ஓசையைக் குடிக்கும் என்பது சினிமாக் கொட்டகை கட்டியவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். அழகு என்று ஆரம்பித்துப் பேசுவதைவிட, இதைச் சொல்லிப் பேச்சை ஆரம்பித்தால் வாடிக்கையாளர் உடனே தலையசைப்பார். ஏனென்றால் புது வீட்டில் அந்த எதிரொலியை அவர் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வீட்டைத் துணியால் அலங்கரிப்பது வெளிநாட்டுப் பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். வெளிநாட்டாருக்கு அதைப் பெரிய அளவில் கொடுத்தது நம் கடற்கரை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில், மசூலிப்பட்டினம் முதல் தெற்கே வரை, பருத்தித் துணியில் கையால் வரைந்து சாயம் ஏற்றிய பெரிய விரிப்புகள் கப்பலேறின. அவற்றுக்கு ஐரோப்பாவில் பலம்போர் என்று பெயர். கட்டில் விரிப்பு என்று பொருள்படும் பலங்போஷ் என்ற சொல்லின் திரிபு அது. நடுவில் ஒரு மரம் கிளை பரப்பி நிற்கும், சுற்றிலும் பூவும் பறவையும் இருக்கும். கடுக்காயில் நனைத்து, படிகாரத்தால் எழுதி, இம்பூறல் வேரில் கொதிக்க வைத்துச் சிவப்பு வாங்குவார்கள். அவுரியில் நீலம் வாங்குவார்கள். துவைத்தாலும் போகாத அந்தச் சாயத்துக்குத்தான் அங்கே அத்தனை கிராக்கி. உள்ளூர் ஆலைக்காரர்களும் நெசவாளர்களும் கூச்சல் போட்டு, பிரான்சில் 1686இல் தடை வந்தது. அது 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தில் 1701இலும் பிறகு 1721இலும் தடைகள் வந்தன. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு ஓடிய சரக்கு அது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். தப்பிப் பிழைத்த விரிப்புகளை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும், அகமதாபாத்தில் 1949இல் தொடங்கிய காலிகோ அருங்காட்சியகத்திலும் இன்றும் காணலாம்.

இரண்டு சொற்கள்

பழையது என்பது ஒன்று. கையால் செய்தது என்பது வேறொன்று. வாடிக்கையாளர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். கடைக்காரர் அப்படிச் சொல்லக் கூடாது.

பவானியில் போன மாதம் தறியிலிருந்து இறங்கிய ஜமக்காளம் புதியது, ஆனால் கைத்தறி. ஐம்பது வருடத்துக்கு முந்தைய மில் அச்சுப் படுக்கை விரிப்பு பழையது, ஆனால் இயந்திரத்தில் செய்தது. இரண்டுக்கும் வாங்க ஆள் உண்டு, இரண்டுக்கும் நியாயமான விலையும் உண்டு. புதிய விசைத்தறிச் சரக்குக்கும் விலை உண்டு. அதைப் பற்றி எனக்கு ஒரு வெறுப்பும் கிடையாது, என் வியாபாரத்தில் பாதிக்கு மேல் அதுதான். தொல்லை எங்கே என்றால், ஒன்றின் பெயரை எடுத்து இன்னொன்றுக்குச் சூட்டும்போதுதான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2004ஆம் ஆண்டு. செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பழைய பெரிய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அறைகளில் விரிக்கவும், முகப்பில் சுவரில் தொங்கவிடவும் 40 பவானி ஜமக்காளம் கேட்டார்கள். கைத்தறிதான் வேண்டும் என்று கடிதத்தில் எழுதியே இருந்தார்கள். முன்பணமும் வந்தது. நான் வழக்கமாகக் கொடுக்கும் நெசவாளர் வீடுகளில் சொல்லி வைத்தேன். தவணை நாளுக்கு 26தான் வந்தது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை, இன்னொரு வீட்டில் தறிக்கு ஆள் இல்லை. திறப்பு விழாத் தேதி குறித்தாகிவிட்டது, அவர்கள் தினமும் போன் செய்கிறார்கள். அந்தச் சமயம் ஒரு புரோக்கர் வந்து, 14 உருப்படி கையில் ரெடியாக இருக்கிறது என்றார். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பட்டைகள் அப்படியே இருந்தன. விலை உருப்படிக்கு 140 ரூபாய் குறைவு.

இங்கேதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அது கைத்தறி அல்ல என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் விலையைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "கைத்தறிதானே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் புரோக்கர் பதில் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் தெரியாது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? 40 உருப்படியையும் ஒரே கட்டாகக் கட்டி, ஒரே பெயரில் பில் போட்டு லாரியில் ஏற்றிவிட்டேன்.

மூன்று வாரத்தில் போன் வந்தது. நேரில் போனேன். விடுதிக்காரர் சத்தம் போடவில்லை. அவருடைய பெரியம்மா, எண்பது வயது இருக்கும், முகப்பில் உட்கார்ந்திருந்தார். விழாவுக்கு வந்த ஆச்சி சுவரில் தொங்கியதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்திருக்கிறது. என்னைப் பார்த்து, "தம்பி, இது எங்க வீட்டுல விரிச்ச ஜமக்காளம் இல்லையே" என்றார். பிறகு மாடி அறையிலிருந்து தன் கல்யாணத்துக்கு வாங்கியதை எடுத்து வரச் சொல்லி என் முன்னால் விரித்தார். அதன் ஓரத்தில் ஊடை நூல் போய்த் திரும்பி வந்திருந்தது. நான் அனுப்பியதன் ஓரம் வெட்டி மடித்துத் தைத்தது. அறுபது வருடத் துணி நிமிர்ந்து நின்றது. என்னுடையது மூன்று வாரத்தில் தொய்ந்திருந்தது.

பதினான்கையும் திரும்ப எடுத்துக்கொண்டு, என் செலவில் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பவானிக்குப் போனேன். நான்கு மாதம் ஆயிற்று. அவசரம் என்று சொல்லி ஒரு நெசவாளர் வீட்டில் நின்றபோது, நடந்ததை அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். தறியை விட்டு இறங்காமலே சொன்னார்: "மொதலாளி, அந்தச் சரக்கையும் வாங்கறீங்க, என் சரக்கையும் வாங்கறீங்க. ரெண்டுக்கும் ஒரே பேருன்னா எனக்கு எதுக்குங்க கூலி சேத்தித் தருவீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. மாற்றிக் கொடுத்த சரக்கை விடுதிக்காரர் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு ஆர்டரும் வரவில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பவானி ஜமக்காளத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமைத் துணியின் போட்டியால் சேலை நெசவு படுத்தபோது, பவானி நெசவாளர்கள் தடித்த வண்ண நூலில் விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள். அகலமான ஜமக்காளத்துக்குக் குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவைக் கைமாற்றிக் கைமாற்றி நெய்வார்கள். ஊடை நூல் பாவை முழுவதும் மூடிவிடும். ஆகவே இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும், கனமும் இருக்கும். கல்யாண வீட்டுக்கென்று செயற்கைப் பட்டு நூலில் நெய்யும் பளபளப்பான ரகமும் உண்டு. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கே ஒதுக்கப்பட்ட 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. அதாவது நான் 2004இல் செய்தது வாடிக்கையாளரிடம் மட்டும் தப்பு அல்ல, சரக்கே தப்பான சரக்கு. 2006 முதல் கைத்தறி முத்திரைச் சீட்டும் இருக்கிறது. புதிய சரக்கு வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

பொதுவான சோதனைகளில் முதலாவது ஓரம். நாடா ஓடிய துணியில் ஊடை நூல் திரும்பி வரும். நாடா இல்லாத புது இயந்திரங்களில் ஒவ்வொரு ஊடையும் வெட்டப்படுவதால் ஓரம் பிசிறாக இருக்கும், அல்லது தைத்து மறைத்திருப்பார்கள். ஆனால் நாடா ஓடும் பழைய விசைத்தறியிலும் ஊடை திரும்பத்தான் செய்யும். எனவே ஓரம் திரும்பியிருப்பதை மட்டும் வைத்துக் கைத்தறி என்று முடிவு கட்டாதீர்கள். வெட்டியிருந்தால் கைத்தறி அல்ல என்று மட்டும் முடிவு கட்டலாம். அடுத்து, துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கை அடித்த துணியில் ஊடை ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் சற்றே நெகிழ்ந்து வரும். நெய்யும்போது அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் ஊசித் துளைகள் ஓரத்தை ஒட்டி ஒழுங்கற்ற இடைவெளியில் தெரியலாம்.

கலம்காரி என்ற பெயரில் இன்று கடைகளில் குவிந்திருப்பதில் பெரும்பகுதி ஸ்கிரீன் பிரிண்டும் டிஜிட்டல் பிரிண்டும்தான். காளஹஸ்தியில் கூர்மையான மூங்கில் எழுதுகோலால் வரைகிறார்கள். மசூலிப்பட்டினத்தில் மர அச்சால் பதிக்கிறார்கள். நம் தஞ்சைப் பக்கம் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில் துணிகள் வரைகிறார்கள். கையால் வரைந்த கோடு தொடங்கும் இடத்தில் தடித்து, முடியும் இடத்தில் மெலியும். ஒரே மாதிரி இரண்டு பூ இருக்காது. அச்சுப் பதித்ததில் ஒரு கட்டையும் அடுத்த கட்டையும் சேரும் இடத்தில் மயிரிழை விலகல் இருக்கும். அதைக் குறை என்று நினைத்துத் தள்ளுபடி கேட்பவரிடம், அதுதான் அடையாளம் என்று சொல்லுங்கள். எழுதுகோல் கலம்காரி புதிதாக இருந்தால் பால் வாடை அடிக்கும். மை பரவாமல் இருக்கக் கடுக்காயோடு எருமைப்பாலில் துணியை நனைப்பதால் வருகிற வாடை அது. அதற்காக ஒரு வாடிக்கையாளர் என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்.

நூல் என்னவென்று அறிய, ஓரத்திலிருந்து ஒரு இழையை எடுத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாடை அடிக்கும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். இந்தச் சோதனையை நூறு வருடத் துணி என்று யாராவது நீட்டும்போது மறக்காமல் செய்யுங்கள். பாலியெஸ்டர் இழை கண்டுபிடிக்கப்பட்டதே 1941இல்தான். அதேபோல ரசாயனச் சாயம் 1856இல் ஊதாவோடுதான் தொடங்கியது; ரசாயன நீலம் விற்பனைக்கு வந்தது 1897இல். பளிச்சென்ற ரசாயன ஊதாப் பட்டை போட்ட ஒரு துணியைத் திப்பு சுல்தான் காலத்தது என்று என்னிடம் ஒருவர் விற்க வந்தார். காபி கொடுத்து அனுப்பினேன்.

பழையதாகக் காட்டத் தேயிலைத் தண்ணீரில் நனைக்கிறார்கள், பிளீச்சிங் போடுகிறார்கள், வெயிலில் கிடத்துகிறார்கள். உண்மையாக வயதான துணி எல்லா இடத்திலும் ஒரே அளவு வெளுக்காது. தையலைச் சற்றே விலக்கி உள்மடிப்பைப் பாருங்கள். வெளிச்சம் படாத அந்த இடத்தில் பழைய நிறம் உயிரோடு இருக்க வேண்டும். உள்ளும் புறமும் ஒரே பழுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். தேய்மானமும் அப்படித்தான். விரிப்பாக இருந்தது நடுவில் தேயும். திரையாகத் தொங்கியது மேலே கிழியும். யாரும் உட்காரவே முடியாத மூலையில் மட்டும் தேய்ந்திருந்தால், தேய்த்தது காலம் அல்ல.

கல்லாவில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு நம் எல்லோரிடமும் இருக்கிறது. இருட்டு அறையில் அதைத் துணி மேல் பிடியுங்கள். இந்தக் காலத்து வெள்ளை நூலில் இருக்கும் வெண்மையூட்டி நீல வெள்ளையாக ஒளிரும். பழைய துணியில் பின்னாளில் போட்ட ஒட்டும் தையலும் இப்படிப் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரு எச்சரிக்கை: நிஜமான பழைய துணியை யாராவது சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் முழுவதும் ஒளிரும். ஆகவே இதுவும் துணைச் சாட்சிதான்.

எதை எங்கே வைப்பது?

இதில் அவரவர் ரசனை உண்டு. என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ஒரு சுவருக்கு ஒரு துணி போதும். கடையில் காட்டும்போதும் அப்படியே காட்டுங்கள். பத்தை அடுக்கி வைத்தால் எல்லாம் ஜவுளிக் குவியலாகத் தெரியும். பட்டை போட்ட ஜமக்காளம் நீளமான வெறும் சுவரில், பட்டைகள் படுக்கை வாட்டில் வரும்படி தொங்கினால் அறை அகலமாகத் தெரியும். காரைக்குடி கண்டாங்கி கெட்டியான பருத்தி, கட்டம் பெரிது. ஜன்னல் திரைக்கும் திண்டு உறைக்கும் ஏற்றது. இதற்கு 2019இல் புவிசார் குறியீடு வந்தது. தஞ்சைப் பக்கம் தேருக்கும் கோயிலுக்கும் செய்யும் ஒட்டுத் துணித் தொம்பைகளைப் புதிதாகச் செய்து வாங்கி, மாடிப்படி இறங்கும் உயரமான இடத்தில் தொங்கவிடுகிறார்கள். அங்கே அது நன்றாக இருக்கிறது; எட்டடி உயர அறையில் தலையில் இடிக்கிறது. நீலகிரித் தோடர்களின் சிவப்பு, கறுப்பு வேலைப்பாடு வெள்ளைத் துணியில் இருப்பதால் வெள்ளைச் சுவரில் எடுபடாது. மரப் பெஞ்சின் மேலோ கட்டிலின் கால்மாட்டிலோ போடச் சொல்லுங்கள்.

பழைய பட்டுப்புடவையை வெட்டித் தலையணை உறை தைத்துத் தரச் சொல்லி நிறையப் பேர் வருகிறார்கள். உடல் கிழிந்து கரை மட்டும் நன்றாக இருந்தால் வெட்டுங்கள். முழுசாக இருப்பதை வெட்டாதீர்கள். முந்தானை தெரியும்படி மடித்துச் சுவரில் மாட்டினால் வெட்டியதைவிட அதிக விலைக்கே போகும். பழம்பட்டு மடிப்பில் வெடிக்கும், ஆகவே முதுகு சாய்கிற இடத்துக்கு உதவாது. வெள்ளிச் சரிகைக்காகப் புடவையை எரிக்கிறவர்களிடம் கிலோக் கணக்கில் கொடுப்பதற்கு முன், வீட்டுக்காரரிடம் இந்த வழியும் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லலாம்.

மாட்டுவது, காப்பது

வாங்கிப் போன துணி ஒரு வருடத்தில் வெளுத்துவிட்டால் வாடிக்கையாளர் நம்மைத்தான் திட்டுவார். அதனால் மாட்டும் முறையையும் நாமே சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆணி, கிளிப் இரண்டும் கூடாது. துணியின் முழுப் பாரமும் நாலு புள்ளியில் விழுந்து அங்கேயே கிழியும். பின்பக்கம் மேல் ஓரம் முழுவதும் காடாத் துணியில் ஒரு குழல் தைத்து, அதில் கம்பு நுழைத்துத் தொங்கவிட வேண்டும். சுவருக்கும் துணிக்கும் ஒரு அங்குலம் இடைவெளி வேண்டும். மழைக்காலத்தில் மேற்குச் சுவர் ஈரம் குடிக்கும். கண்ணாடிச் சட்டம் போட்டால் கண்ணாடி துணியைத் தொடக் கூடாது. அடுப்பங்கரையிலும் கற்பூரப் புகை படும் பூஜை அறையிலும் வேண்டவே வேண்டாம்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு கணக்கு. அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம் என்று வைத்திருக்கிறார்கள். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ், அதாவது 2,000 மடங்கு. நிறம் போவது வெளிச்சமும் நேரமும் சேர்ந்த கணக்கு. வெயிலில் ஒரு மணி நேரம் கிடப்பதும், அருங்காட்சியக வெளிச்சத்தில் தினம் 8 மணி வீதம் 250 நாள் இருப்பதும் ஏறக்குறைய ஒன்று. வெயிலில் புற ஊதாக் கதிரும் கூட இருப்பதால் நிஜத்தில் இன்னும் மோசம். போன நிறம் திரும்பாது. நம் கடை முகப்புக் கண்ணாடியில் நல்ல சரக்கை வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தள்ளுபடி விலைக்குத் தருகிறோமே, அந்த நஷ்டம் இதுதான். பழந்துணியை முகப்பில் வைக்காதீர்கள்; வைத்தே ஆக வேண்டும் என்றால் வாரம் ஒன்றாக மாற்றுங்கள்.

கடையில் இருப்பு வைக்கும்போது மடிப்பதைவிடச் சுருட்டுவது நல்லது. துணி ரோல் வரும் அட்டைக் குழாய் நம்மிடமே கிடக்கும். அட்டையின் அமிலம் துணியில் ஏறும் என்பதால், கஞ்சி போக அலசிக் காயவைத்த காடாத் துணியை முதலில் குழாயில் சுற்றி, வேலைப்பாடு வெளிப்பக்கம் வரும்படி சுருட்டி, மேலேயும் காடாவால் மூடுங்கள். பாலிதீன் பையில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நாப்தலின் உருண்டை துணியிலோ சரிகையிலோ நேரடியாகப் படக் கூடாது. வசம்பைத் துண்டாக்கித் துணி முடிச்சில் கட்டி வைப்பது நம் வீட்டுப் பெண்கள் செய்ததுதான். இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்துப் பார்ப்பதற்கு அதுவும் ஈடாகாது. துவைப்பதா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் அழுத்திப் பார்த்தாலே சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும். சாயம் போவது மட்டுமே ஒரு சரக்கைக் கெடுத்துவிடாது. 1960களில் அமெரிக்காவில் சாயம் ஒழுகும் மெட்ராஸ் என்ற பெயரிலேயே நம் கட்டம் போட்ட துணி பிரமாதமாக ஓடியது. அதை முன்கூட்டியே சொல்லி விற்றார்கள், அவ்வளவுதான்.

சட்டமும் பில்லும்

நூறு வருடத்துக்குக் குறையாத பழமை உள்ள கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தின் கீழ் வரும். துணியும் இதில் அடங்கும். அவற்றை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. துணியில் வரைந்த பழைய ஓவியங்களைத் தொல்லியல் துறையிடம் பதிவும் செய்ய வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறேன் என்றால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழ் இல்லாமல் விடாதீர்கள். உரிமம் இல்லாத நம்மைப் போன்ற ஜவுளிக்காரர்கள் ஐம்பது, அறுபது வருடச் சரக்கோடு நின்றுகொள்வதே நிம்மதி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போய்க் கொள்முதல் செய்யும் உறுப்பினர்கள், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோயில் பெயரோ, உபயதாரர் பெயரோ எழுதிய துணி என்றால் தொடாதீர்கள். எவ்வளவு லாபம் வந்தாலும் வேண்டாம்.

பில்லில் என்ன எழுதுவது என்று அந்த உறுப்பினர் கேட்டதால், என் கடையில் 2005இலிருந்து எழுதுகிற மாதிரியைக் கொடுக்கிறேன்: "ஜமக்காளம் 1. பவானி, கைத்தறி, பருத்தி. சுமார் 40 வருடம் என்பது விற்றவர் வாய்மொழி. ஒரு மூலையில் பழுது பார்த்த தையல் உள்ளது. சிவப்புச் சாயம் ஈரத்தில் போகும்." விசைத்தறி என்றால் விசைத்தறி என்றே எழுதுகிறோம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறோம். இப்படி எழுதினால் எவன் வாங்குவான் என்று என் மகனே முதலில் கேட்டான். சிலர் வாங்காமல் போகத்தான் செய்தார்கள். வாங்கியவர்கள் அந்தப் பில்லைத் துணியோடு பத்திரமாக வைத்திருக்கிறார்கள், மறுபடி வரும்போது கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நெசவாளருக்குக் கூலி ஏற்றிக் கேட்கும்போதும் இந்தப் பில்லைக் காட்டித்தான் என் விலையை நியாயப்படுத்த முடிகிறது.

திரும்பி வந்த அந்தப் பதினான்கில் பதின்மூன்றை விசைத்தறி என்று சொல்லியே நஷ்டத்துக்கு விற்றேன். ஒன்றை மட்டும் கடையில் வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு பவானி ஜமக்காளத்தோடு. வேலைக்குச் சேரும் பையன்களை முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டின் ஓரத்தையும் தடவிப் பார்க்கச் சொல்வேன். உறுப்பினர்கள் யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்று சந்தை.